குளியலறைக்குள் கியாஸ் கீசரா? உஷார்! சத்தமில்லாமல் ஆளைச் சாய்க்கும் விஷ வாயு

காஞ்சீபுரம்,

மார்கழி பிறந்துவிட்டால் செய்யாற்றங்கரை ஊரான மாகறலில் விடியற்காலை தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆனாலும் கோவிலுக்குப் போகிறவர்களும் தறியில் உட்காருகிறவர்களும் காலையிலேயே குளித்தாக வேண்டும். ஒரு காலத்தில் கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பும் அண்டாவும் இருந்தன. இப்போது அந்த இடத்துக்கு கியாஸ் கீசர் வந்துகொண்டு இருக்கிறது.

குழாயைத் திறந்தால் சில விநாடிகளில் வெந்நீர் கொட்டும். கரண்டு பில் கிடையாது. பற்றவைக்க 2 பேட்டரி போதும். நல்ல பொருள்தான். ஆனால் அதை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

அடுத்தடுத்து பலி

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் உத்தரபிரதேச மாநிலம் முராத்நகரில் ஹோலி விளையாடிவிட்டு குளிக்கப் போன கணவன்-மனைவி பலியானார்கள். 2025-ம் ஆண்டு அக்டோபரில் கர்நாடக மாநிலம் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில் அக்காள்-தங்கை இருவர் குளியலறையில் பலியானார்கள். இரண்டு சம்பவத்திலும் கியாஸ் கீசரில் இருந்து வந்த வாயுதான் காரணம் என்று கூறப்பட்டது.

நடப்பது என்ன?

கீசரும் ஒரு அடுப்புதான். சமையல் அடுப்பை விட பல மடங்கு பெரிய அடுப்பு. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் 10 நிமிடம் எரிந்தால் சுமார் 150 கிராம் கியாஸ் செலவாகும். அது எரிய எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? 5 அடி நீளம், 4 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் காற்றில் கிட்டத்தட்ட பாதி!

குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டால் புதுக்காற்று வர வழியில்லை. கியாஸ் அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். சிலிண்டர் கியாஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். இதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். சிலருக்கு வலிப்பும் வரும். 'என்னமோ பண்ணுதே' என்று நினைப்பதற்குள் கால் துவண்டுவிடும். தாழ்ப்பாளைத் திறக்கக்கூட முடியாது.

வெளியேதான் மாட்டணும்

'ஜன்னல்தான் இருக்கே, எக்சாஸ்ட் பேன் போட்டா போதும்' என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஜன்னலைச் சாத்த ஒரு நிமிடம் ஆகாது. கரண்டு போனால் பேன் நின்றுவிடும்.

குளியலறைக்கு வெளியே, கொல்லைப்புறச் சுவரில், மழை நனையாதபடி மாட்டுங்கள். வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டு போங்கள். புகை திரும்ப வீட்டுக்குள் வராதபடி கீசர் ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

தறி வீட்டுக்காரர்கள் கவனிக்க

சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஓடி பள்ளத்தில் தேங்கும். குழித்தறி இருக்கும் கூடத்தில் சிலிண்டர் வைத்தால், கசியும் கியாஸ் தறிக்குழியில் போய் நிற்கும். ஒரு தீப்பொறி போதும். எனவே கீசருக்கான சிலிண்டரை வெளியே, சமதரையில், நேராக நிறுத்தி வையுங்கள். சமையல் அடுப்பு டியூபில் நீங்களாகவே கிளை இழுக்காதீர்கள். கியாஸ் ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வாங்கும்போது...

* ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை கீசருக்கு ஐ.எஸ். 15558 என்று தனி தர எண்ணே இருக்கிறது.

* தீ அணைந்தால் கியாஸ் தானாக நிற்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

* தண்ணீர் வேகமாக வந்தால்தான் கீசர் பற்றும். தொட்டி, கீசரை விட 8, 10 அடியாவது உயரத்தில் இல்லாவிட்டால் காசு வீண். வாங்கும் முன்பே கடையில் சொல்லி விசாரியுங்கள்.

* போர் தண்ணீர் உப்பாக இருந்தால் உள்ளே உப்பு படியும். ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் அவசியம். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

* செலவுக் கணக்கு இதுதான்: ஒரு பக்கெட் வெந்நீருக்கு 40 முதல் 50 கிராம் கியாஸ். 4 பேர் தினமும் ஆளுக்கு ஒரு பக்கெட் குளித்தால் 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 70 முதல் 90 நாள் வரும்.

ஏற்கனவே உள்ளே மாட்டிவிட்டீர்களா?

கழற்றி வெளியே மாட்டுவதுதான் ஒரே வழி. அதுவரை கதவை முழுசாகத் திறந்து வைத்து பக்கெட்டில் பிடியுங்கள். கீசரை நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் காற்று போகட்டும். பிறகு குளியுங்கள். கீசர் எரியும்போது கதவைச் சாத்தாதீர்கள்.

குளிக்கப் போனவர் கூப்பிட்டும் குரல் கொடுக்காவிட்டால் யோசிக்காமல் கதவை உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்து வாருங்கள். கியாசை மூடுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். 'கியாஸ் கீசர் உள்ள குளியலறையில் விழுந்தார்' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் மாரடைப்பா, வலிப்பா என்று தேடாமல் உடனே ஆக்சிஜன் வைப்பார்கள். கியாஸ் கசிவு என்றால் 1906 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

குழாயை 10 அடி கூடுதலாக இழுக்க ஆகும் செலவைப் பார்த்து உள்ளேயே மாட்டிவிடாதீர்கள். போன உயிர் திரும்ப வராது.