செங்குன்றம் ஏரியில் இறங்கிய போர் விமானம்! மேசை மேல் ஒரு முழத்தில் மறுபிறவி!

சென்னை மக்கள் குடிக்கும் செங்குன்றம் ஏரித் தண்ணீரில் ஒரு காலத்தில் போர் விமானங்கள் இறங்கின. இது கதை அல்ல, நிஜம்!

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் 240-வது ஸ்குவாட்ரன் இந்த ஏரியில்தான் முகாம் போட்டிருந்தது. அதன் விமானத்தின் பெயர் கேட்டலினா.

அடிப்பாகம் படகு, மேலே இறக்கை! ஓடுபாதை வேண்டாம், தண்ணீர் இருந்தால் போதும். இறக்கையின் அகலம் 104 அடி. மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவு நீளம் வரும்.

அந்த ராட்சதப் பறவையை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கி, ரெசினில் வார்த்து, வர்ணம் பூசி மேசையில் நிறுத்துகிறார்கள் மாடல் பிரியர்கள். இறக்கை சுமார் 17 அங்குலம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்!

உயிரைக் கொடுத்த தகவல்

பொம்மை விமானத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கிறீர்களா? 1942 ஏப்ரல் 4-ல் நடந்ததைக் கேளுங்கள்.

இலங்கையின் கொக்கலை ஏரியிலிருந்து ஒரு கேட்டலினா கிளம்பியது. ஓட்டியவர் கனடாக்காரர் லெனார்டு பிர்ச்சால். உள்ளே மொத்தம் 9 பேர். இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் அவர்கள் கண்டது ஜப்பானின் பெரும் கடற்படை!

உடனே ரேடியோவில் தகவல் பறந்தது. அதற்குள் ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்து சுட்டு வீழ்த்திவிட்டன. 3 பேர் பலி. 6 பேர் சிறைப்பட்டார்கள். ஆனால் தகவல் கரை சேர்ந்துவிட்டது!

மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. முன்கூட்டியே தெரிந்ததால் துறைமுகத்தில் நின்ற பல கப்பல்கள் வெளியேறித் தப்பின. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு வீச்சு. பீதியில் சென்னையே மூட்டை கட்டியது அந்த மாதம்தான்.

பிர்ச்சால் போர் முடியும் வரை சிறையில் இருந்தார். 2004-ல் காலமானார்.

சோப்புத் தண்ணீரில் குளியல்

சரி, மாடல் செய்வது எப்படி?

இரண்டு திரவங்களைக் கலந்து ரப்பர் அச்சில் ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். அதுதான் ரெசின். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய வழுவழுப்பு, பாகங்களின் மேல் தங்கியிருக்கும். முதல் வேலையாக சோப்புத் தண்ணீரில் கழுவியாக வேண்டும். கழுவாவிட்டால் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வரும்.

பாகம் கோணலாக இருக்கிறதா? கவலை வேண்டாம். வெந்நீரில் போட்டு எடுத்து, மெல்ல நிமிர்த்திக் குளிர்ந்த நீரில் காட்டினால் நேராகிவிடும்.

சாதாரண பிளாஸ்டிக் பசை இதில் பிடிக்காது. சூப்பர் குளூதான் கதி. ரெசின் கனமானது. கேட்டலினாவின் இறக்கையோ உடம்புக்கு மேலே ஒரு ஒற்றைத் தூணில் நிற்கிறது. உள்ளே பித்தளைக் கம்பி செருகாவிட்டால் ஒருநாள் தலை சாய்ந்துவிடும்!

காற்றுக் குமிழி விழுந்த ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கார் ஷெட்டில் டிங்கரிங் பார்க்கிற மாதிரியேதான்.

தூசி ஜாக்கிரதை!

இங்கேதான் ஆபத்து. ரெசின் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். மூக்கில் முகமூடி கட்டாயம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் இந்த வேலை கூடவே கூடாது.

சிவப்புப் பொட்டு மர்மம்

பிரைமர் அடித்த பிறகு வர்ணம். மேலே கரும் சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும். எதிரி மேலிருந்து பார்த்தால் கடலும் விமானமும் ஒன்றாகத் தெரியும். கீழே வெளிர் நிறம். அண்ணாந்து பார்த்தால் வானம்!

பெயிண்ட் உதிர்ந்த மாதிரி காட்ட ஒரு தந்திரம் உண்டு. அடிவர்ணத்தை ஈரமாக்கிச் சமையல் உப்பைத் தூவுகிறார்கள். காய்ந்ததும் மேல்வர்ணம் அடித்து, உப்பைத் தட்டிவிட்டால் பழைய விமானம் ரெடி!

கடைசியில் வட்டச் சின்னம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பான் சின்னமும் சிவப்பு வட்டம். பதற்றத்தில் சொந்த விமானத்தையே சுட்டுவிடக் கூடாதே! அதனால் 1943 வாக்கில் இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பை அழித்தார்கள்.

ஆக, 1942 பிர்ச்சால் விமானம் என்றால் பொட்டு வேண்டும். 1944 செங்குன்றம் விமானம் என்றால் பொட்டு கூடாது. எந்த வருஷம், எந்த ஏரி என்று முடிவு செய்யாமல் பிரஷைத் தொடாதீர்கள்.

ஒரு சின்னப் பொட்டுக்கா இத்தனை விசாரணை? ஆமாம். உண்மையான விமானத்தில் அந்தப் பொட்டு 9 பேரின் உயிர்ப் பிரச்சினை!