ராக் ஸ்லைடரா, சைடு ஸ்டெப்பா?

ஜிம்னி, தார் மாதிரி வண்டிகளில் சேசிஸ் தனி, பாடி தனி. அதனால் ராக் ஸ்லைடர் வாங்கும்போது பளபளப்பைவிட, அது எதில் மாட்டுதுன்னுதான் நான் முதலில் குனிஞ்சு பார்ப்பேன்.

சைடு ஸ்டெப் ஏறுற ஆளைத் தாங்கினால் போதும். ஸ்லைடர் அப்படியில்லை, 1 டன்னைத் தாண்டும் ஜிம்னி பாறைமேல் உட்கார்ந்தால், அந்தப் பக்கத்துச் சுமை முழுக்க அதில் இறங்கலாம். அது நேரா சேசிஸுக்குப் போகணும். பாடியில் மாட்டியிருந்தால் கதவுக்குக் கீழேயுள்ள தகடு நசுங்கி, கதவே திறக்காமல் போகலாம்.

அலுமினியம் எடை குறைவுதான். ஆனா பாறையில் கீறிக்கிட்டு நிற்கும்; இரும்பு வழுக்கிப் போகும். குழாய்த் தகடு 3 மி.மீ. கனமாவது இருக்கட்டும்.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்க: "இதுக்கடியில ஜாக்கி வச்சு வண்டியைத் தூக்கலாமா?" அவர் தயங்கினா, அது சைடு ஸ்டெப்தான்.