மண் பற்றியதும் மழை கொண்டு செல்வதும்

2015 இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் களைநாசினி, 2018 இல் தேயிலை, இறப்பர் செய்கைகளுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மண்ணில் பட்டதும் அது செயலிழந்துவிடும் என்பது அதற்குச் சாதகமான வாதம்.

இதில் பாதியே உண்மை. ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளின் அமிலத்தன்மை வாய்ந்த மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஒக்சைட்டுகள் கிளைபோசேட்டை இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஆனால், பற்றப்பட்டது அழிந்துவிட்டதாகாது. பொஸ்பேட் பசளையும் அதே பற்றிடங்களையே நாடுவதால், பசளையிடும்போது நஞ்சின் ஒரு பகுதி விடுபடக்கூடும். அடைமழை மண்ணை அரிக்கையில், ஒட்டியிருப்பதும் ஓடையைச் சேர்கிறது.

மஸ்கெலியா ஓயா களனிக்கும், கொத்மலை ஓயா மகாவலிக்கும் நீர் சேர்ப்பவை. லயன்களில் வாழும் தொழிலாளர் பலர் பருகுவதோ பீலி நீரையே. ஆகவே ஓடைக்கரைகளில் தெளிப்பதைத் தவிர்ப்பதும், மண்ணரிப்பைத் தடுப்பதும், குடிநீரைப் பரிசோதிப்பதும் தோட்ட நிர்வாகங்களின் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும்.