சரவெடிக்கு ஒரு லாக்

பட்டாசுச் சத்தத்துக்கு மத்திய அரசு வரம்பு கட்டியது 1999 அக்டோபரில். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி வைத்து அளக்கும்போது 125 டெசிபல் ஏஐ, அல்லது உச்சத்தில் 145 டெசிபல் சி. இதைத் தாண்டக் கூடாது. சிவகாசிப் பக்கம் இந்த 125ஐக் கேள்விப்படாத ஆள் அரிது. அதற்கு அடுத்த வரியைத்தான் யாரும் பேசுவதில்லை. கோத்த வெடி என்றால், எத்தனை வெடி கோத்திருக்கிறதோ அந்த எண்ணுக்கு 10 அடிமான லாக் எடுத்து, 5ஆல் பெருக்கி, வருகிற டெசிபலை வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். ஆயிரம் வாலாவுக்கு லாக் 3, ஐம்மூன்று பதினைந்து. சரத்தில் உள்ள ஒவ்வொரு வெடிக்கும் வரம்பு 110 ஆகிவிடும். பத்தாயிரம் வாலாவுக்கு 105. (2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டுவிட்டது என்பது வேறு கதை. லாக் ஒன்றும் அதனால் கெட்டுப்போகவில்லை.)

ஈசிஇ இரண்டாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவர் டீக்கடையில், "அண்ணாச்சி, இந்த லாப்லாஸ், ஃபூரியே எல்லாம் வேலைக்குப் போனா எங்க வரும்? பரீட்சைக்கு மட்டும்தானா?" என்று கேட்டபோது எனக்கு இந்த லாக் வரிதான் ஞாபகம் வந்தது. அவர் ஒருவருடைய கேள்வி இல்லை அது. இந்தப் பக்கம் 1984இல் சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், அதே ஆண்டு கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், 1998இல் விருதுநகர் அருகே காமராஜ் என்று பொறியியல் கல்லூரிகள் வந்த நாளிலிருந்து இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்டுவருகிற கேள்விதான். மெப்கோ என்ற பெயரே மத்தாப்புக்கு வெளிச்சம் கொடுக்கிற அலுமினியப் பவுடர் தயாரித்த கம்பெனியிலிருந்து வந்தது. அந்தப் பெயர் போட்ட கல்லூரியில் சிக்னல் படிக்கிற பிள்ளைக்குப் பட்டாசை வைத்தே பாடம் சொல்வதில் தப்பில்லை.

முதலில் லாக். நல்ல காதுக்குக் கேட்கிற மிகச் சிறிய சத்தத்தின் அழுத்தம் 20 மைக்ரோபாஸ்கல். 145 டெசிபல் என்பது கிட்டத்தட்ட 356 பாஸ்கல். இரண்டுக்கும் விகிதம் ஏறத்தாழ 1 கோடியே 78 லட்சம். அந்தக் கோடியை 145 என்ற கைக்கு அடக்கமான எண்ணாக்கியது லாக். பெருக்கலைக் கூட்டலாக்குவதுதான் அதன் வேலை. சக்தி பத்து மடங்கானால் டெசிபலில் பத்தைக் கூட்டு, அவ்வளவுதான். ஆயிரம் வெடியும் ஒரே கணத்தில் வெடித்தால் சக்திக் கணக்குப்படி 30 டெசிபல் ஏற வேண்டும். சரம் அப்படி வெடிப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெடிக்கிறது. அந்த 30க்கும் பூஜ்யத்துக்கும் நட்ட நடுவில் விதி 15இல் நிற்கிறது.

கடினமான ஒரு வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே சுலபமாக முடித்துவிட்டுத் திரும்பி வருவது: லாக் காட்டுகிற வழி இது. லாப்லாஸ், ஃபூரியே, இசட் டிரான்ஸ்ஃபார்ம் மூன்றும் இதே வழியில்தான் போகின்றன. அங்கே சுலபமாகிற வேலையின் பெயர் கன்வல்யூஷன். "அந்த இன்டெக்ரலைப் பாத்தாலே பயமா இருக்கு" என்றார் தம்பி. இன்டெக்ரலைத் தள்ளி வை, ஒரு தெருவை எடுத்துக்கொள் என்றேன்.

நீ நிற்கிற இடத்துக்கு 17 மீட்டர் எதிரே ஒரு குடோன் சுவர். உன் பக்கத்தில் ஒரு வெடி. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்றால், சுவருக்குப் போய்த் திரும்ப 34 மீட்டர். விநாடியில் பத்தில் ஒரு பங்கு. எதிரொலி பாதி பலத்தில் வருவதாக வைத்துக்கொள். ஒரு வெடிக்கு அந்தத் தெரு தருகிற பதில்: 1, பிறகு 0.5. மண்பானை வாங்குகிறவர் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறாரே, அதுபோல இந்த ஒரு வெடியில் தெருவின் குணம் முழுக்க வெளியே வந்துவிடுகிறது. இதற்குத்தான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர்.

இப்போது பத்தில் ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு வெடி. முதல் வெடி 1, 0.5 என்று கேட்கும். இரண்டாவது வெடியும் அதேபோல, ஆனால் ஓர் இடம் தள்ளி. இரண்டாவது கணத்தில் புது வெடியும் பழைய எதிரொலியும் ஒன்றாக விழும். மொத்தம் 1, 1.5, 0.5. மூன்று வெடி என்றால் 1, 1.5, 1.5, 0.5. தள்ளி வைத்துக் கூட்டினோமே, இதுதான் கன்வல்யூஷன். வெடி கணக்கற்று நெருங்கினால் கூட்டல் தொகையீடாகும். நீ பயந்த இன்டெக்ரல் அதுதான்.

டிஷ்யூப் பேப்பர் ஒன்றை இழுத்து, பள்ளிக்கூடத்துப் பல்லுறுப்புக் கோவைப் பெருக்கல் ஒன்றைப் போடச் சொன்னேன். 'பத்தில் ஒரு விநாடி பொறு' என்பதற்கு அடையாளமாக ஒரு மாறியை வைத்துக்கொள்ளலாம். இரண்டு வெடி: 1 கூட்டல் மாறி. தெரு: 1 கூட்டல் 0.5 மாறி. பெருக்கினால் கெழுக்கள் 1, 1.5, 0.5. தம்பி இரண்டு முறை சரிபார்த்தார். "அண்ணாச்சி, இது இசட் டிரான்ஸ்ஃபார்ம்ல்ல?" அதேதான். பாடப்புத்தகத்தில் அந்த மாறி இசட்டின் தலைகீழ். தெருவில் கன்வல்யூஷனாக இருந்தது, இங்கே வந்ததும் வெறும் பெருக்கலாகிவிட்டது. ஒரு நிபந்தனை உண்டு: சத்தங்கள் நேரியலாகக் கூட வேண்டும். வெடிக்கு ஒட்டினாற்போல் அழுத்தம் அதிகமான இடத்தில் காற்று அப்படி நடந்துகொள்ளாது. 'லீனியர்' என்று ஒவ்வொரு தேற்றத்துக்கும் முன்னால் எழுதிவைத்திருப்பதைத் தாண்டிப் படிக்கக் கூடாது.

லாப்லாஸ் எங்கே வருகிறது? 125 டெசிபலுக்குப் பின்னால் நிற்கிற அந்த 'ஏஐ'க்குள்ளேயே. 'ஐ' என்பது மீட்டரின் வேகம். அதன் ஏறும் நேர மாறிலி 35 மில்லிவிநாடி. ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தால் கிடைக்கிற அதே அடுக்குக்குறி வளைவு; லாப்லாஸ் எடுத்தால் ஒரே ஒரு போல். 3 மில்லிவிநாடியே நீடிக்கிற ஒரு சத்தத்தை அது முழுசாகப் பிடிப்பதற்குள் சத்தம் முடிந்துவிடும். அதே பலத்தில் நீடிக்கிற சத்தத்தைவிடச் சுமார் 11 டெசிபல் குறைத்துக் காட்டும். இந்த மந்தத்துக்கு ஆளாகாத உச்ச அளவு ஒன்றையும், 145 சி என்று, விதி கூடவே வைத்திருக்கிறது. 'ஏ' என்பது காதின் இயல்பைப் பின்பற்றுகிற ஃபில்டர். 20.6, 107.7, 737.9, 12,194 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களில் அதற்குப் போல்கள். முதலும் கடைசியும் இரட்டைப் போல். எந்தச் சுரத்தை அது எவ்வளவு அமுக்கும் என்பதில் இந்த இடங்களுக்குப் பங்கு உண்டு. தேர்வில் 'போல்களைக் குறி' என்று கேட்டால் காகிதத்தில் பெருக்கல் குறி போடுகிறோம். இங்கே அதே குறிகள் பட்டாசு ஆலையின் தலையெழுத்தில் கை வைக்கின்றன.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பெல்லாம் எம்-3 என்றாலே டிரான்ஸ்ஃபார்மும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும். இந்தத் திட்டத்தில் ஈசிஇ மூன்றாம் செமஸ்டர் கணிதம் ரேண்டம் பிராசஸும் லீனியர் அல்ஜீப்ராவும். ஃபூரியே பக்கத்திலேயே சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பரில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளில் பெயரும் வரிசையும் மாறலாம். லீனியர் அல்ஜீப்ராவும் ஃபூரியேயும் வேறு வேறு பாடம் என்றே பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஃபூரியே கெழு என்பது பிளஸ் ஒன்னில் போட்ட வெக்டர் புள்ளிப் பெருக்கலேதான். சைனையும் கொசைனையும் பெருக்கி ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டால் பூஜ்யம். அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்து. ஒரு சிக்னலில் குறிப்பிட்ட சைன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அந்த சைனோடு பெருக்கித் தொகையிடு. எக்ஸ் அச்சின் மேல் ஒரு வெக்டரின் நிழல் எவ்வளவு நீளம் என்று பார்த்தது இதே வேலை. என்னைக் கேட்டால் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சைன், கொசைன்களாகப் பிரிக்கிற இந்த வழியை ஃபூரியே 1807இல் பாரிஸில் சமர்ப்பித்தபோது லக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகமாக வர 1822 ஆனது. அந்தப் பிரிப்பைக் கணினியில் வேகமாகப் போடும் எஃப்எஃப்டி 1965இல் கூலி, டூக்கி இருவரின் கட்டுரையாக வந்தது. (கவுஸ் 1805 வாக்கிலேயே கண்டுபிடித்து எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.) அந்த 1965 கட்டுரைக்குத் தூண்டுதலும் வெடிதான். சோவியத் ரஷ்யா பூமிக்கடியில் அணுகுண்டு வெடிக்கிறதா என்று நில அதிர்வுக் கருவிகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று அமெரிக்காவில் பேச்சு நடந்தது. கூட்டத்தில் டூக்கி கிறுக்கியதைப் பார்த்த இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின் ஐபிஎம்மில் இருந்த கூலியைப் பிடித்து எழுதவைத்தார். 1,024 மாதிரிகளுக்கு நேரடியாகப் போட்டால் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல். எஃப்எஃப்டியில் சுமார் ஐயாயிரம்.

"அச்சாபீஸுல இதெல்லாம் உண்டா?" என்றார் தம்பி. அவர் அப்பா ஆஃப்செட் பிரஸ்ஸில் இருக்கிறாராம். காலண்டர் அச்சில் நான்கு வண்ணப் புள்ளி வரிசைகளையும் வெவ்வேறு கோணத்தில் சாய்த்துப் போடுவார்கள். கருப்பு வழக்கமாக 45 டிகிரி. கோணம் பிசகினால் முகத்தின் மேல் வலைபோல் ஒரு கோலம் விழும். இரண்டு அலைவெண்கள் மோதிப் பிறக்கிற மூன்றாவது அலைவெண் அது. இதை அப்பாவிடமே கேள், என்னைவிட நன்றாகச் சொல்வார் என்றேன்.

"சரிங்க அண்ணாச்சி, பதிமூணு மார்க் கேள்விக்கு இது போதுமா?"

போதாது. போட்டுப் பார்த்தால்தான் கை வரும். ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வழியில் போடு: ஒரு முறை நேரடியாகத் தள்ளிக் கூட்டி, மறுமுறை டிரான்ஸ்ஃபார்ம் எடுத்துப் பெருக்கித் திரும்பி வந்து. டிரான்ஸ்ஃபார்ம் அட்டவணையை அதன்பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம். இரண்டு விடையும் ஒத்துவராவிட்டால் முதலில் தொகையிடலின் எல்லைகளைப் பார். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.