பென்ஷன் வரும்னு இருந்துடாதீங்க

"வயசானா கவர்ன்மென்ட் பென்ஷன் தரும்ல?" சிட்னியில் பொங்கல் விருந்தில் நண்பர் கேட்டார். தரும். ஆனால் 67 வயதாகணும், பொதுவாகப் பத்து வருஷம் இங்கே வசித்திருக்கணும், சொத்தும் வருமானமும் வரம்புக்குள் இருக்கணும். ஊரில் வாங்கிப்போட்ட ஃபிளாட்டும் கணக்கில் வரும்.

அதனால் நமக்குக் கைகொடுப்பது சூப்பர்தான். 1992-ல் கட்டாயமானது, 2025 ஜூலை முதல் முதலாளி 12 சதவீதம் போடுகிறார். வேலை மாறி மாறி எனக்கு மூன்று கணக்கு, மூன்றிலும் கட்டணம் போய்க்கொண்டே இருந்தது. மைகவ் வழியாக ஒன்றாக்கினேன். மூடும் முன் அதிலுள்ள இன்சூரன்ஸை மட்டும் பார்த்துக்குங்க.

அப்பா, அம்மாவுக்கு மாதாமாதம் நான் அனுப்புகிறேன். சந்தோஷம்தான். ஆனால் இங்கே வளரும் என் மகளிடம் அதை எதிர்பார்க்க மனசு வரலை. உங்க கணக்கையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை திறந்து பாருங்க.