சேமிப்பக மெய்நிகராக்கம்: நிறுவனத் தரவு வலையமைப்புகளில் பயனர் பட்டறிவு

ஆய்வுச் சுருக்கம்

வெவ்வேறு வட்டு அணிகளை ஒரே சேமிப்பகமாகச் சேவையகங்களுக்குக் காட்டும் தொழில்நுட்பம் சேமிப்பக மெய்நிகராக்கம் ஆகும். இதன் செயல்முறையையும், நடைமுறையில் பயனர்கள் எதிர்கொள்ளும் நன்மைகளையும் இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. பயனருக்குக் காட்டப்படும் கொள்ளளவுக்கும் உள்ளபடி இருக்கும் கொள்ளளவுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்காணிப்பதே இத்தொழில்நுட்பத்தின் வெற்றிக்கு அடிப்படை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மெய்நிகராக்கம், சேமிப்பக வலையமைப்பு, மெல்லிய ஒதுக்கீடு, தரவுப் பெயர்ச்சி.

முன்னுரை

சேவையகத்தின் உள்ளேயே வட்டு இருந்த காலத்தில், தரவு எங்கே உள்ளது என்னும் வினாவுக்கு விரலால் சுட்டி விடை கூற முடிந்தது. 1990களில் பைபர் சேனல் வலையமைப்பு பரவத் தொடங்கிய பின்னர், வட்டுகள் சேவையகங்களிலிருந்து பிரிந்து சேமிப்பு அணிகள் எனும் தனிப் பெட்டிகளுக்கு மாறின. ஓர் அணியைப் பல சேவையகங்கள் பகிர்ந்துகொண்டன. எனினும் ஒவ்வோர் உற்பத்தியாளரின் அணிக்கும் தனி மேலாண்மை மென்பொருள் தேவைப்பட்டது. ஓர் அணி நிரம்பி வழிய மற்றொன்று பாதி வெறுமையாகக் கிடந்தது. பழைய அணியை மாற்றவேண்டுமெனில் சேவையகத்தை நிறுத்தித் தரவைப் படியெடுக்க வேண்டியிருந்தது. இச்சிக்கல்களுக்கு விடையாகவே மெய்நிகராக்கம் எழுந்தது.

கருத்தும் கலைச்சொல்லும்

மெய்யைப் போன்று தோன்றுவது ‘மெய்நிகர்’. இச்சொல் முதன்மை நினைவகத்தைப் பற்றிய கருத்தாக்கத்தோடு தொடர்புடையது. 1962இல் இயங்கத் தொடங்கிய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி, உள்ளதைவிடப் பெரிய நினைவகம் இருப்பதாக நிரல்களுக்குக் காட்டியது. நிரல் கேட்கும் முகவரிக்கும் தரவு உள்ளபடி இருக்கும் இடத்திற்கும் இடையே ஒரு மாற்று ஏற்பாட்டை வைத்ததே அதன் உத்தி.

சேமிப்பகத்திலும் இதே உத்தி பயன்படுகிறது. சேவையகம் காணும் தருக்கத் தொகுதி சம அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் எந்த அணியில், எந்த வட்டில் உள்ளது என்பதை ஓர் அட்டவணை குறித்துவைக்கிறது. ஒரு துண்டை வேறோர் அணிக்குப் படியெடுத்து அட்டவணையின் அவ்வரியை மட்டும் மாற்றினால், சேவையகம் அறியாமலேயே தரவு இடம்பெயர்ந்துவிடுகிறது.

இவ்வட்டவணை அமையும் இடத்தைப் பொறுத்து வகைகள் வேறுபடுகின்றன. ஐ.பி.எம். 2003இல் வெளியிட்ட சான் வால்யூம் கன்ட்ரோலர் தரவுப் பாதையின் நடுவே நிற்கும் தனிக் கருவியாகும். ஹிட்டாச்சி 2004இல் வெளியிட்ட யுனிவர்சல் ஸ்டோரேஜ் பிளாட்பார்ம், தன்னோடு இணைக்கப்படும் பிற அணிகளையும் தன் கட்டுப்பாட்டகத்தின் வழியே காட்டியது. இ.எம்.சி. 2005இல் வெளியிட்ட இன்விஸ்டா, வலையமைப்பின் நிலைமாற்றிகளில் இப்பணியைச் செய்தது.

பயனர் பெறும் பயன்

பயனர்கள் முதலில் உணரும் பயன், தடையற்ற தரவுப் பெயர்ச்சி. சான் வால்யூம் கன்ட்ரோலரில் ‘இமேஜ்’ முறை எனும் வசதி உண்டு. தரவு நிறைந்த பழைய தொகுதியை அவ்வாறே ஏற்றுக்கொண்டு, சேவையகம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதனைப் புதிய அணிக்கு மாற்ற இம்முறை உதவுகிறது. கருவியை முதன்முதலாக இடையில் நுழைக்கும்போது குறுகிய இடைநிறுத்தம் தேவைப்படலாம். அதன்பின் அணிகளை மாற்றுவது அலுவல் நேரத்திலேயே செய்யத்தக்க பணியாகிறது.

மெல்லிய ஒதுக்கீட்டின் இடர்

கேட்ட கொள்ளளவை முழுமையாக ஒதுக்காமல், எழுதப்படும் அளவுக்கு மட்டும் இடம் தருவது மெல்லிய ஒதுக்கீடு. எடுத்துக்காட்டாக, 100 டெராபைட் இருப்புள்ள தொகுப்பிலிருந்து 40 சேவையகங்களுக்குத் தலா 10 டெராபைட் அளித்ததாகக் காட்டினால், வாக்களித்தது 400 டெராபைட். இருப்பதோ அதில் நான்கில் ஒரு பங்கு. பயன்பாடு 70 டெராபைட்டாக இருக்கையில் நிலைமை வசதியாகவே தோன்றும். வாரந்தோறும் 3 டெராபைட் கூடினால் 10 வாரங்களில் தொகுப்பு நிரம்பிவிடும். புதிய வட்டுகளை வாங்க மூன்று மாதங்கள் ஆகும் நிறுவனத்தில், 70 விழுக்காட்டில் எழுப்பப்படும் எச்சரிக்கையும் காலங்கடந்ததே. தொகுப்பு நிரம்பியதும், புதிய இடம் வேண்டும் எல்லாச் சேவையகங்களின் எழுத்துப் பணியும் தடைப்படும். அதுவரை சிக்கனமாக இருந்தவையும் இதற்கு விலக்கல்ல.

கோப்பை நீக்குவதும் உடனடித் தீர்வாகாது. கோப்பு முறைமை தன் குறிப்பை மட்டுமே அழிக்கிறது. அவ்விடம் காலியானதை அணி அறியாது. அதை அறிவிக்கவே ஸ்கஸி நெறிமுறையில் ‘அன்மேப்’ கட்டளை சேர்க்கப்பட்டது. வி.எம்.வேர் 2011இல் வெளியிட்ட விஸ்பியர் 5.0 இக்கட்டளையைத் தானாகவே அனுப்பியது. சில அணிகள் அதை நிறைவேற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டதால் அவ்வசதி முடக்கப்பட்டது. 2016இல் வந்த 6.5 பதிப்பில், பின்னணியில் மெதுவாக நிகழும் வடிவில் அது மீண்டும் இடம்பெற்றது.

பழுதின் பரவலும் காரணம் காண்டலும்

பல அணிகளில் ஒரு தொகுதியைப் பரப்பினால் வேகம் கூடும். பழுதின் எல்லையும் விரியும். தனித்தனியே 99.9 விழுக்காடு இயங்கும் நான்கு அணிகளில் ஒரு தொகுதியை மறுபடியின்றிப் பரப்பினால், அதன் இயங்குநிலை ஏறத்தாழ 99.6 விழுக்காடாகக் குறையும். ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மணி நேரமாக இருந்த தடை 35 மணி நேரமாகிறது. எனவே, ஒரு தொகுப்பை ஒரே அணிக்குள் அமைப்பதும், அணிகளுக்கிடையே மறுபடி வைப்பதும் நடைமுறை நெறிகளாயின.

மற்றொரு இடர்ப்பாடு, தாமதத்தின் காரணத்தைக் காண்பது. தரவுத்தளம் மெதுவாக இயங்கும்போது சேவையகம், நிலைமாற்றி, மெய்நிகராக்கக் கருவி, அணி ஆகிய நான்கும் ஐயத்திற்கு உள்ளாகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் பொருளாயின், பயனர் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் அனுப்பப்படுவார். ஒவ்வோர் அடுக்கிலும் தாமதத்தை ஒரே கடிகார நேரத்தோடு பதிவுசெய்திருந்தால் மட்டுமே இவ்வழக்கு தீரும்.

முடிவுரை

மெய்நிகராக்கம் சேமிப்பகத்தின் சிக்கலை நீக்குவதில்லை. பலரிடம் சிதறிக்கிடந்த சிக்கலை ஓர் அட்டவணையில் திரட்டுகிறது. அவ்வட்டவணை அழிந்தால் வட்டுகள் பழுதின்றி இருந்தும் தரவு பொருளற்ற துண்டுகளாகிவிடும். ஆகவே அட்டவணையின் காப்புநகல், வாங்கும் காலத்தைக் கணக்கிட்டு அமைத்த எச்சரிக்கை அளவு, பழுதெல்லை வரைபடம், கருவியிலிருந்து விலகும்போது தரவை மீட்கும் வழி ஆகிய நான்கையும் நிறுவனம் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். நிகரைக் காணும் வசதி பயனருக்கு உரியது. மெய்யைக் கணக்கிடும் பொறுப்பு நிருவாகிக்கு உரியது. இவ்விரண்டும் பிரியாதிருக்கும் இடத்திலேயே இத்தொழில்நுட்பம் நம்பகமானதாகிறது.