நடுராத்திரியில் போனை எடுப்பது யார்?

இரவு பத்தரை மணி. ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் ஆட்டோ ஒன்று வந்து நிற்கிறது. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண். அவள் மடியில், துண்டில் சுற்றிய மூன்று மாத லேப்ரடார் குட்டி. காலையிலிருந்து வாந்தி. சாயங்காலத்திலிருந்து ரத்தமாகப் போகிறது. தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டால், "அடுத்த வாரம் போடலாம்னு இருந்தோம் டாக்டர்" என்கிறார் அப்பா. பார்வோவாகத்தான் இருக்கும் என்பது அந்த வாடையிலேயே பாதி தெரிந்துவிடுகிறது.

டியூட்டியில் இருப்பவர் பட்டம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத டாக்டர். உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். ஆனால் நீர் வற்றிப்போன குட்டிக்கு நரம்பு கிடைக்கவில்லை. ஒரு முன்னங்காலில் குத்தியாயிற்று, இன்னொரு காலிலும் குத்தியாயிற்று. குட்டியின் உடம்பு சில்லிட்டுக்கொண்டே போகிறது. அந்தச் சிறுமி அழ ஆரம்பிக்கிறாள்.

ஒரு மருத்துவமனைக்கும் இன்னொரு மருத்துவமனைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரியும். ஒன்றில், சீனியர் மாடியிலிருந்து இறங்கி வருவார். "கழுத்து நரம்பைப் பார்த்தியாம்மா? அதுவும் இல்லேன்னா எலும்புக்குள்ள போடலாம். வா, காட்டுறேன்" என்பார். தொடை எலும்பின் மேல்முனை வழியாக மஜ்ஜைக்குள் ஊசியைச் செலுத்தினால், அங்கிருந்தே திரவமும் மருந்தும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். புத்தகத்தில் படித்த அந்த வித்தை அன்றைக்குக் கைக்கு வரும். இன்னொன்றில், ஜூனியர் போன் அடித்துக்கொண்டே இருப்பார். மறுமுனையில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

படிப்பு முடித்து, நாய், பூனைகளுக்கான தனியார் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேரப்போகும் இளம் டாக்டர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். சம்பளம், ஸ்கேன் மெஷின், ஏ.சி. ரிசப்ஷன் எல்லாம் அப்புறம்.

ஐந்தரை வருடம் போதாதா?

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை வருடம். நாலரை வருடம் பாடம், கடைசி ஒரு வருடம் கட்டாயப் பயிற்சி. இதற்கு மேலும் ஒரு பயிற்சியா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டுப் பையன் நாலு வருடத்தில் இன்ஜினீயரிங் முடித்துச் சம்பளம் வாங்க ஆரம்பித்திருப்பான்.

ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு உடம்பு ஒன்றுதான். கால்நடை மருத்துவ மாணவருக்கு மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, கோழி, நாய், பூனை என வரிசை நீள்கிறது. கூடவே பால், இறைச்சி சுகாதாரம், தீவன மேலாண்மை. கட்டாயப் பயிற்சி வருடமும் கல்லூரி க்ளினிக், பண்ணை, கால்நடை மருந்தகம் என்று பிரிந்துபோகிறது. கிராமத்து விவசாயியின் பசு மாட்டுக்குத்தான் இந்தப் படிப்பு முதலில் கடன்பட்டிருக்கிறது. அதில் தவறும் இல்லை. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், 1985-ல் வந்த நாமக்கல் கல்லூரியிலும் படித்து வந்தவர்கள்தான் பல மாவட்டங்களில் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, நாய்க்கான அறுவை சிகிச்சையைப் பத்துப் பேரோடு மேஜையைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் அதிகம், தானே கத்தி பிடித்தவர்கள் குறைவு. பெண் நாய்க்குக் கருத்தடை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாதாரண ஆபரேஷன். ஆறு வயதான, கொழுப்பு சேர்ந்த நாயின் வயிற்றைத் திறந்தவர்களுக்குத்தான் தெரியும். ஓவரியை ஒட்டிய ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவினால் சில நொடிகளில் வயிறு முழுக்க ரத்தம். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அந்த நேரத்தில் எதிரே கையுறை போட்டு நிற்க ஓர் அனுபவசாலி வேண்டும். புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. கல்லூரியில் இருக்கும்வரை பேராசிரியரின் பொறுப்பு. மாநில கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்துகொண்டபின், 1984-ம் வருட இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டத்தின்படி அவர் முழு டாக்டர். மருத்துவமனை அவரை 'ட்ரெய்னி' என்று அழைத்தாலும் சரி, அவர் எழுதும் மருந்துச்சீட்டுக்கும் போடும் கையெழுத்துக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் சும்மா உட்காருங்கள்

இன்டர்வியூவில் எல்லா மருத்துவமனைகளும் நன்றாகத்தான் பேசும். "இங்கே எல்லாம் கத்துக்கலாம்" என்ற வாக்கியத்தைச் சொல்லாத இடமே கிடையாது. அதனால் சேருவதற்கு முன் ஒரு முழு நாள் வந்து பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். மறுத்தால், அந்தப் பதிலும் ஒரு தகவல்தான்.

உட்கார்ந்தால் என்ன பார்ப்பது? நாயை எடை போட்ட பிறகு மருந்து கொடுக்கிறார்களா, கண்ணளவில் கொடுக்கிறார்களா? மயக்க மருந்து கொடுத்த பிறகு, ஆபரேஷன் செய்பவரைத் தவிர இன்னொருவர் மூச்சையும் நாடியையும் கவனிக்கிறாரா? மானிட்டர் ஓடுகிறதா, துணி போட்டு மூடி வைத்திருக்கிறதா? பக், பாக்ஸர் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கம் தெளியும் நேரம்தான் ஆபத்து. அப்போது யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? பார்வோ குட்டியை வைத்துப் பார்த்த அதே மேஜையில், வெறும் துணியால் துடைத்துவிட்டு, தடுப்பூசிக்கு வந்த குட்டியை ஏற்றுகிறார்களா? பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் தரையிலும் மேஜையிலும் உயிரோடு இருக்கும். ப்ளீச்சிங் கரைசல் போன்றவற்றுக்குத்தான் அது மசியும்.

எல்லாவற்றையும்விட, ஒரு மூலையில் இருக்கும் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சகஜம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தால், சிவப்பணுவுக்குள் பேபிசியா கிருமி ஜோடியாக உட்கார்ந்திருப்பதைப் பல சமயம் கண்ணாலேயே பார்க்கலாம். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை, பேபிசியாவுக்குத் தனியாகப் போதாது. பார்த்துக் கொடுக்கிற இடத்தில் மைக்ராஸ்கோப் சுத்தமாக இருக்கும். பார்க்காமலே எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை எழுதுகிற இடத்தில் அதன்மேல் தூசி இருக்கும். தூசி படிந்த மைக்ராஸ்கோப் உள்ள இடத்தில், லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய ஸ்கேன் மெஷின் இருந்தும் புதிதாக வருபவருக்குப் பெரிதாக என்ன கிடைத்துவிடும்?

சீனியர் அட்டெண்டரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளலாம். இருபது வருடமாக நாய் பிடிக்கிற அட்டெண்டருக்கு, எந்த நாய் எப்போது கடிக்கும் என்பது டாக்டருக்கு முன்பே தெரியும். அவரை மரியாதையாக நடத்தாத இடத்தில் ஜூனியருக்கும் மரியாதை கிடைக்காது.

முக்கியமான கேள்வி ஒன்று பாக்கி. போன வருடம் இங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பெயரும் நம்பரும் தயங்காமல் தருகிறார்களா? தந்தால், முதலாளி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அவர்களிடம் பேச வேண்டும். "முதல் ஆபரேஷனைத் தனியா எப்போ பண்ணீங்க? அன்னைக்கு யார் கூட இருந்தாங்க?" இந்த இரண்டு கேள்வி போதும், மீதியை அவர்களே கொட்டிவிடுவார்கள்.

காசும் கடியும்

பயிற்சி என்பதற்காகச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால், முழு டாக்டரின் வேலையை வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொடுக்கவும் நேரம் ஒதுக்காமல், சம்பளத்தை மட்டும் 'பயிற்சி' என்ற பெயரில் குறைத்தால் அது பயிற்சி இல்லை, மலிவான கூலி. மாதத்துக்கு எத்தனை நைட் டியூட்டி, நைட் முடிந்த மறுநாள் விடுப்பு உண்டா, வார விடுமுறை எது, விலக வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதெல்லாம் காகிதத்தில் வர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

இந்தத் துறையில் பெண்கள் நிறைய வருகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக க்ளினிக் கதவைத் திறக்க வேண்டியிருக்குமா, கூட யார் இருப்பார்கள், வீட்டுக்கு வண்டி உண்டா என்று கேட்க அப்பா, அம்மா தயங்கவே வேண்டாம்.

கடிபடாமல் இந்த வேலை கிடையாது. கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசியை முடித்துவிட்டுத்தான் முதல் நாள் உள்ளே போக வேண்டும். கடித்த பிறகும் மறுபடி போட வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது? எக்ஸ்ரே எடுக்கும்போது நாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் ஈய ஏப்ரன் தருகிறார்களா, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் உண்டா? 'ஒரு செகண்ட்தானே' என்று வெறும் உடம்போடு நிற்கவைக்கும் இடம் வேண்டாம்.

மறுபக்கமும் இருக்கிறது

மருத்துவமனை நடத்துபவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு புலம்பல் உண்டு. ஒரு வருடம் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால், டி.என்.பி.எஸ்.சி. ரிசல்ட் வந்ததும் அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால் அடுத்த தெருவிலேயே போர்டு மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் எப்படி மனம் வந்து சொல்லிக்கொடுப்பது? நாயைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத புதியவர், முதல் வாரமே ஸ்கேன் கத்துக்கொடுங்கள் என்று நிற்பதும் நடக்கிறது. சில சமயம் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அங்கே பட்டம் வாங்கியவர் நேரடியாக வேலைக்குப் போகலாம், இன்டர்ன்ஷிப் கட்டாயமில்லை. ஸ்பெஷலிஸ்ட் ஆக நினைப்பவர்கள், வெளியில் கிடைக்கும் சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு ஒரு வருடம் இந்தப் பயிற்சியில் சேருகிறார்கள். விண்ணப்பிப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்த, மருத்துவமனைகள் அவர்களை வரிசைப்படுத்த, கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கிறது. சம்பளம், எத்தனை ஸ்பெஷலிஸ்ட்டுகள், எத்தனை இன்டர்ன்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அங்கும், எமர்ஜென்சி ஷிப்ட்டுக்கு ஆள் பிடிக்கத்தான் சில இடங்கள் இன்டர்ன்களை எடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. ஆனால் சேரும் முன்பே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியலாவது கையில் இருக்கிறது. இங்கே வாட்ஸ்அப் குரூப்பும் சீனியர் அக்கா, அண்ணன்களும்தான் அந்தப் பட்டியல்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு

"சின்னப் பொண்ணா இருக்காங்களே, பெரிய டாக்டர் இல்லையா?" இந்தக் கேள்வியைக் கேட்காத க்ளினிக் வரிசை இல்லை. கேட்பதில் தப்பில்லை, கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். "உங்களுக்குச் சந்தேகம் வந்தா கேக்க சீனியர் இருக்காங்களா டாக்டர்?" நல்ல இடமென்றால் அந்தச் சின்னப் பொண்ணே சிரித்துக்கொண்டே 'இருக்காங்க' என்பார்.

போனில் வரும் கேள்விகளே ஒரு பெரிய பள்ளிக்கூடம். ஆண் பூனை ரொம்ப நேரமாக முக்கிக்கொண்டிருக்கிறது, மலச்சிக்கல் போல என்பார்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம், விடியும்வரை விட்டால் உயிருக்கே ஆபத்து என்று புதியவருக்குச் சட்டென்று தோன்ற வேண்டும். பூனைக்குக் காய்ச்சலென்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொல்வார்கள். பூனைக்கு அது விஷம். பதினாலு வருடம் கூடவே இருந்த நாயை இனி வலியில்லாமல் வழியனுப்பிவிடலாம் என்று சொல்லவும் ஒருநாள் வேண்டிவரும். அந்த ஊசியைப் போடுவது எப்படி என்று பாடத்தில் இருக்கிறது. போட்ட பிறகு அந்தத் தாத்தாவின் பக்கத்தில் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்பது என்று இல்லை. முதல் தடவை அதை ஜூனியர் தலையில் கட்டிவிட்டு, சீனியர் காபி குடிக்கப் போகிற இடமும் உண்டு. கூடவே நின்று, முடிந்ததும் "நீ போய் முகம் கழுவிட்டு வாம்மா, அடுத்த கேஸை நான் பாத்துக்கறேன்" என்கிற இடமும் உண்டு.

நாற்பது பக்க நோட்டு

சேர்ந்தாயிற்று. சரியான இடம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு ஆபரேஷனையும் சிகிச்சையையும் எழுதி, பக்கத்தில் நாலு கட்டம் போட்டுக்கொள்ளலாம். பார்த்தது, உதவியது, சீனியர் எதிரே நிற்கச் செய்தது, தனியாகச் செய்தது.

மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் கட்டம் மட்டும் நிறைந்திருந்தால், கையைக் கட்டி நிற்கவைக்கிறார்கள் என்று அர்த்தம். நோட்டோடு போய் சீனியரிடமே கேட்கலாம். நல்லவராக இருந்தால் அடுத்த வார ஆபரேஷன் பட்டியலில் ஒரு பெயர் மாறியிருக்கும். மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்க, நாலாவது மட்டும் மளமளவென்று நிறைந்திருந்தால், கையெழுத்துப் போட்டு வாங்கிய அந்தக் காகிதத்தை எடுத்து, முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.